பெண் கடல் என்று ஒரு கடல் இல்லை

கல்லூரிச் சுற்றுலா என்றால் எங்கள் துறைக்கு இராமேஸ்வரம்தான். மூன்றாண்டுகளுக்கு முன் முப்பத்தெட்டு மாணவிகளோடு தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் போய் இறங்கினேன். நிலம் ஒடுங்கி ஒடுங்கி மணல்முனையாக முடிகிற இடம். இடப்பக்கம் ஒரு கடல், வலப்பக்கம் ஒரு கடல். வேனில் வந்த வழிகாட்டி இளைஞர் தினமும் சொல்கிற அலுப்போடு சொன்னார்: “இந்தப் பக்கம் பாருங்க மேடம், பெண் கடல். அலையே இருக்காது, சாதுவா கெடக்கும். அந்தப் பக்கம் ஆண் கடல். கால வச்சா இழுத்துட்டுப் போயிரும்.” பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, “வீட்டுலதான் உல்டா” என்றார்.

மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மண்டபத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி, இரண்டாம் ஆண்டு. “எங்கம்மா அந்த ஆண் கடல்லதான் மேடம் முங்கிப் பாசி எடுக்கிறாங்க” என்றாள். காற்றில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. தாமதமாக எழுதும் பதில் இது.

வழிகாட்டி பெண் கடல் என்று காட்டியது பாக் விரிகுடா. ஆண் கடல் என்றது மன்னார் வளைகுடா. இந்தப் பெயர்கள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. அந்தத் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாது என்றால் பெண், சீற்றம் என்றால் ஆண் என்று கடலுக்கே பால் பிரித்துக் கொடுத்துவிட்ட மொழி நம்முடையது.

சரி, அந்தக் கடல் ஏன் சாதுவாக இருக்கிறது? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாக் விரிகுடாவுக்கு மேற்கே தமிழ்நாட்டுக் கரை, கிழக்கே இலங்கை, வடகிழக்கே யாழ்ப்பாணக் குடாநாடு, தெற்கே பாம்பன் தீவும் ராமர் பாலம் எனப்படும் மணல்திட்டுகளும். வடகிழக்கில் பாக் நீரிணை ஒன்றுதான் பெரிய வாசல். உள்ளே ஆழமும் குறைவு. பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர்கூட இல்லை. மன்னார் வளைகுடாவுக்கோ தெற்கே சுவர் கிடையாது. இந்தியப் பெருங்கடலை நோக்கி வாய் திறந்து கிடக்கிறது. ஆயிரம் மீட்டரைத் தாண்டும் ஆழமும் அதற்குண்டு. பெருங்கடலிலிருந்து புறப்படும் அலை தடையின்றி வந்து மோதுகிறது.

ஆக, ஒன்று நான்கு பக்கமும் அடைக்கப்பட்டிருக்கிறது, மற்றொன்று திறந்திருக்கிறது. அடைபட்டதன் பெயர் அமைதி, அமைதியின் பெயர் பெண். நம் வீடுகளில் நடப்பதையே கடலுக்கும் செய்திருக்கிறோம். அடைத்து வைத்ததன் விளைவைக் குணம் என்று எழுதி வைக்கிறோம். “எம் பொண்ணு ரொம்ப அமைதி, வாயே திறக்க மாட்டா” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லும் தாயிடம், அவள் வாய் திறந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த அமைதியும் ஆண்டு முழுதும் கிடையாது. தென்மேற்குப் பருவத்தில் சோழகக் காற்று வீசும்போதுதான் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் விரிகுடா அடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பிவிட்டால் கதை மாறும். அப்போது சீறுவது வடகடல், தணிந்து கிடப்பது தென்கடல். தீவின் மீனவர்கள் காற்றுக்கேற்ப ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொழிலை மாற்றிக்கொள்வது இதனால்தான். 2018 நவம்பரில் கஜா புயலுக்கு அந்தச் சாதுக் கடலின் கரை ஊர்கள் என்ன பாடு பட்டன என்று வேதாரண்யம் பக்கம் கேளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு ஒரு பயணிகள் ரயிலோடு சேர்த்துத் தனுஷ்கோடியைக் கொண்டுபோன அலை எந்தப் பாலைச் சேர்ந்தது? சுற்றுலாப் பருவத்தில் கடல் எப்படி இருக்கிறதோ அதையே அதன் பிறவிக்குணம் என்று விற்கிறோம்.

பாக் என்ற பெயரையும் பார்த்துவிடுவோம். பாகிஸ்தானின் சுருக்கம் என்று எண்ணும் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அது ராபர்ட் பாக் என்ற வெள்ளைக்காரரின் பெயர். கம்பெனியின் மதப் போதகராக வந்து, 1763 முதல் 1767 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர். கடலின் பெயர் ஒரு கவர்னருடையது. அதன் குணத்துக்கு மட்டும் பெண்.

இனி என் துறைக்கு வருகிறேன். குற்றத்தை வழிகாட்டியின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

நான் முனைவர் பட்டம் வாங்கியது நெய்தல் திணையில். அதன் உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். தலைவன் கடல்மேல் போகிறான் அல்லது தேரில் வந்து போகிறான். தலைவி கானலில், புன்னை நிழலில், மாலைப் பொழுதில் காத்திருக்கிறாள். ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறையும் பாடியவர் அம்மூவனார் என்ற ஆண். தலைவியும் தோழியும் தாயும் பேசுவதாக வரும் அந்தச் சொற்களையெல்லாம் இயற்றியவர் அவரே. வெள்ளிவீதியாரும் நெய்தல் பாடியிருக்கிறார் என்பதை மறக்கவில்லை. ஆனால் யார் பாடினாலும் திணை கேட்பது இரங்கலைத்தான். பெண்ணின் இடம் கரை, அவளுடைய வேலை காத்திருத்தல். தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் முந்நீர் வழக்கம் பற்றி ஒரு நூற்பா உண்டு. பிரிந்து செல்லும் ஆண் பெண்ணை உடனழைத்துக்கொண்டு கடலில் செல்லும் வழக்கம் இல்லை என்பதே வகுப்பறையில் நாங்கள் அதற்குச் சொல்லும் பொருள். பதினெட்டு ஆண்டுகளாக நானும் சொல்லியிருக்கிறேன். நீ ஏன் மேடம் இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாய் என்று எந்த மாணவியும் கேட்டதில்லை. கேட்கும்படி நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

சங்கப் பாட்டில் வேலை செய்யும் கடற்கரைப் பெண் இல்லையா என்றால், இருக்கிறாள். நற்றிணையின் 45ஆம் பாட்டில் காயும் மீனைக் கவர வரும் பறவையை ஓட்டுகிற பரதவர் மகள் இருக்கிறாள். தேரில் வந்த பெரிய ஊர்க்காரனிடம், எங்கள் மேல் புலால் நாறும், உம்முடைய செல்வம் எங்களுக்கு எதற்கு, எங்களுக்குள்ளும் உம்மைப் போன்றவர்கள் உண்டு என்று தோழி முகத்துக்கு நேரே சொல்கிறாள். அகநானூற்றின் 140ஆம் பாட்டில் சேரியில் உப்புக்கு விலை கூவிப் போகும் உமணன் மகள் இருக்கிறாள். ஆனால் அவர்கள் உழைப்பை ஆய்வேட்டில் ‘கருப்பொருள்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டேன். இரங்கலுக்கு நூற்றிருபது பக்கம். மீன் காயவைத்தவள் பின்னணி, அழுதவள் பொருள். அந்த ஏட்டுக்குப் பாராட்டும் கிடைத்தது. ஆய்வேட்டை எழுதிய நான்காண்டில் ஒரு நாள்கூடக் கடலில் இடுப்பளவு இறங்கியதில்லை. என் முதல் கவிதைத் தொகுப்பிலும் கடல் பெண்தான். பொறுமையான, எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும், உப்புக் கண்ணீர்ப் பெண். இன்று அந்தக் கவிதைகளைத் திரும்ப வாசிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சுற்றுலா முடிந்த மறுமாதம் அந்த மாணவியின் ஊருக்குப் போனேன். அவள் அம்மா கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் தோல் தடித்து, குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுக்கோடுகள். பாறையும் பவளமும் கிழித்தவை. பாசிக்குப் போகும் பெண்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். சேலைக்கு மேல் ஆண் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பாசி சேர்க்கும் பை. விடிவதற்கு முன் படகேறித் தீவுகளின் பக்கம் போய், மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து கையால் பறித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்கி. இப்படி ஐந்தாறு மணி நேரம். சொறி மீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பிரித்துக் கரையில் காயவைத்து வியாபாரியிடம் எடை போடுகிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் துணி ஆலைக்கும் மருந்துக்கும் போகிறது. நாம் தின்னும் ஐஸ்கிரீமை உருகாமல் பிடித்து வைப்பதிலும் கடற்பாசிக்குப் பங்குண்டு.

“எத்தனை வருசமா இந்த வேலைக்குப் போறீங்க?” என்று கேட்டேன்.

“வேலைக்கெல்லாம் போகல டீச்சர். பாசிக்குத்தான் போறேன். ஏழு வயசுல எங்காத்தா கூட்டிட்டுப் போனுச்சு.”

வேலைக்குப் போகவில்லை, பாசிக்குப் போகிறேன். நாற்பது வருடம் கடலுக்கடியில் உழைத்தவள் வாயிலிருந்து இந்தச் சொல்லை வரவைத்தது யார்? மகளின் உதவித்தொகைப் படிவத்தை நான்தான் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருந்தேன். தந்தை தொழில்: மீனவர். தாய் தொழில்: இல்லத்தரசி. அவள் தந்தை உடல்நலமின்றிக் கடலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது.

இது ஏதோ ஒரு படிவத்தின் பிழை என்று விட்டுவிட முடியாது. மீனவர் என்ற சொல் நம் மனத்தில் படகையும் வலையையும் ஆணையும்தான் கொண்டுவருகிறது. படகு யாருடையதோ அவர் பெயரில் பதிவு, அவர் பெயரில் டீசல் மானியம். மீனவ மகளிருக்குச் சேமிப்பு நிவாரணத் திட்டமும் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. அவற்றைப் போராடிப் பெற்ற பெண்களுக்கு வணக்கம். ஆனால் ஒரு திட்டத்தின் பயனாளியாக இருப்பது வேறு, கடலின் உரிமையாளராக இருப்பது வேறு. இந்தத் தீவுகளைச் சுற்றி எங்கே இறங்கலாம், எப்போது இறங்கலாம், என்ன எடுக்கலாம் என்று முடிவெடுக்கும் மேசையில் பாசிக்காரப் பெண்ணுக்கு நாற்காலி போடப்பட்டதா?

கொஞ்சம் வரலாறு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. தேசியப் பூங்கா என்றால் உள்ளே நுழைவது குற்றம், எடுப்பது திருட்டு. தலைமுறை தலைமுறையாக முங்கிய கடலில் இறங்குகிற பெண் ஒரே அறிவிப்பில் அத்துமீறுபவள் ஆனாள். அவர்கள் தங்கிச் சமைத்த, பாசி உலர்த்திய தீவுகள் தடைசெய்யப்பட்ட இடமாயின.

இங்கே ஒரு தோழி இடைமறிப்பாள். சுற்றுச்சூழல் இயக்கத்தில் இருப்பவள். “பவளப்பாறை அழிந்தால் மீனும் இல்லை, பாசியும் இல்லை. பாதுகாக்க வேண்டாமா?” நியாயமான கேள்வி. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 வெப்ப ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்து மடிந்தன. பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் அந்தத் தீவுகள் மூழ்கியது யாரால்? பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையைத் தோண்டி எடுத்ததால் அரணிழந்து கரைந்தவை அவை. கடலின் அடியை வாரிச் சுரண்டும் இழுவை மடிகள் யாருடையவை? கடலைச் சூடாக்கும் புகை யாருடையது? துணி சுற்றிய விரலால் பாசி பறிப்பவள்தான் இந்தப் பட்டியலில் மிகச் சிறியவள், மிக எளிதில் பிடிபடுபவளும் அவளே.

பாதுகாப்பை அவளிடம் யாரும் கற்பிக்கத் தேவையிருக்கவில்லை என்பதற்குச் சான்று சின்னப்பாலத்தில் இருக்கிறது. பாம்பன் தீவின் அந்த ஊர்ப் பெண்கள் கூடிப் பேசித் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது. அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்கச் சூழலியல் அமைப்பு தன் விருதை வழங்கியது. கடல் கடந்த நாடு பாதுகாவலர் என்று கூப்பிட்டு விருது கொடுத்த பெண்களை இங்கே சட்டம் அத்துமீறுபவர் என்கிறது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் இதே போல மூச்சடக்கி முங்கும் ஹேன்யோ பெண்களின் மரபை யுனெஸ்கோ 2016இல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பாரம்பரியம், இங்கே அத்துமீறல்.

அதே காலத்தில் வேறொரு பாசி இந்தக் கடலுக்குள் வரவேற்று அழைத்துவரப்பட்டது. கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனத்தின் வணிகத் திட்டமாக மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடத் தொடங்கியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உள்ளூர்ப் பாசியைக் கையால் பறித்தவள் பூங்காவுக்கு ஆபத்தானாள். அயல் பாசியைக் கொண்டுவந்த மூலதனம் வளர்ச்சியானது. 2023இல் தொண்டிக்குப் பக்கத்தில் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் பாசி வளர்ப்பில் பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்ற அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. கடலோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தவளை மூங்கில் தெப்பத்தில் கூலிக்குக் கயிறு கட்டுபவளாக மாற்றுவதை முன்னேற்றம் என்று சொல்ல அவள் ஒப்புதல் வாங்கினோமா?

பாக் நீரிணை பத்திரிகையில் வராத வாரம் கிடையாது. எல்லை தாண்டியதாகக் கைது, படகு பறிமுதல், கச்சத்தீவு, 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம். எல்லாம் ஆண்கள் பேசும் செய்தி. பெண் எங்கே வருகிறாள்? புகைப்படத்தில். ஆட்சியர் அலுவலக வாசலில் தலைவிரி கோலமாக அழும் மனைவியாக, தாயாக. அந்தத் துயரம் பொய்யல்ல. ஆனால் கேமரா அதை மட்டும்தான் தேடிப் போகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய உரிப்பொருள் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அழுது முடித்த மறுநாள் விடியலில் அதே பெண் பாசிக்கோ, கருவாட்டுக்கோ, சந்தைக்கோ போவதைப் படமெடுக்க யாரும் வருவதில்லை.

பெண் கடல் கடப்பதில்லை என்றா சொன்னோம்? 1983க்குப் பிறகு எத்தனை ஈழத்துப் பெண்கள் கைக்குழந்தையோடு இரவில் இந்த நீரிணையைத் தாண்டி, படகோட்டி இறக்கிவிட்ட மணல்திட்டில் தாகத்தோடு விடியும்வரை நின்றார்கள்? 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியற்றுப்போன நாளில், அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள திட்டில் மறுபடியும் அப்படி நின்றார்கள். நாங்கள் சிரித்த அந்த இடத்திலிருந்து சிறிது தூரம்தான். வங்காளத்து நீச்சல் வீராங்கனை புலா சௌத்ரி 2004இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியே வந்தார். நூற்பா என்ன சொன்னாலும் பெண்கள் கடந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நாம்தான் கரையைவிட்டு நகரவில்லை.

எனக்கு வேண்டியவை இவை. வன உரிமைச் சட்டம் 2006, காட்டைச் சார்ந்து வாழும் சமூகங்களுக்கு மீனும் பிற நீர்நிலை விளைபொருள்களும் எடுக்கும் உரிமையை ஏற்கிறது, தேசியப் பூங்காக்களுக்குள்ளும். அந்த வெளிச்சத்தில் பாசிக்காரப் பெண்களின் உரிமையைப் பேச வேண்டும். அவர்கள் தாமே விதித்துக்கொண்ட 12 நாள் ஒழுங்கை அரசு ஏற்று, தீவுகளின் பாதுகாப்பை அவர்களோடு சேர்ந்து நடத்த வேண்டும். கடல் தொழிலாளர் என்ற அடையாள அட்டை படகு இல்லாதவளுக்கும் அவள் பெயரிலேயே வேண்டும். என் துறைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். நெய்தலைப் பாடம் நடத்தும் நாளில் மீன் காயவைத்தவளிலிருந்தும் உப்பு விற்றவளிலிருந்தும் தொடங்குங்கள். இரங்கல் காத்திருக்கட்டும், அதற்குத்தான் பழக்கம் உண்டு.

இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவம் மறுபடி வந்தது. அந்த மாணவி இப்போது முதுகலை. தாய் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதலாம் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பாசி சேகரிப்பவர் என்றேன். அது ஏதோ பொறுக்குவது போல இருக்கிறது என்றாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. காற்று இரைச்சல் மட்டும். பிறகு, “கடல் தொழில்னு எழுது. உங்கப்பனுக்கு அப்படித்தான எழுதுவோம்” என்றார்.

எழுதினாள். அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது, தாய் தந்தை இருவர் கட்டத்திலும் ஒரே தொழில் தவறுதலாக எழுதப்பட்டிருப்பதாக. தவறுதல் இல்லை என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.